முதலில் மண், அப்புறம்தான் குதிரை

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நான் நோட்டும் பேனாவுமாகத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் வீட்டில் யாரும் வேலை சொல்லமாட்டார்கள். குளிர்காலமானால் இங்கிலாந்தில் அப்போது பகல் பன்னிரண்டு. அன்றைய தடை தாண்டும் குதிரைப் பந்தயங்கள் தொடங்கப்போகிற நேரம். ஒரு மைதானத்தில் ஆறோ ஏழோ பந்தயம், எல்லாம் சேர்த்து ஐம்பது அறுபது குதிரைகள். ஒவ்வொன்றுக்கும் என்ன வாய்ப்பு என்று ஒரு வரியாவது எழுதி முடித்த பிறகுதான் போனில் ஓட்டத்தைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு எழுதினால் எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே ஒரு கிராமம் எங்களுடையது. மூன்று ஏக்கர் நிலம், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாழ்க்கை. இவருக்கு எதற்கு இங்கிலாந்துக் குதிரை என்று கேட்டவர்கள் உண்டு. என் அப்பாவைத் தெரிந்தவர்கள் யாரும் கேட்டதில்லை. அப்பா மாயவரம் ஜங்ஷனில் குதிரை வண்டி ஓட்டியவர். ஆட்டோ வந்து சவாரி குறைந்த பிறகும் கடைசிக் குதிரையை விற்க மனசு வராமல், கொள்ளுக்குக் கடன் வாங்கிக்கொண்டு வைத்திருந்தார்.

காணும் பொங்கலன்று திருக்கடையூரில் மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் எல்கைப் பந்தயம் நடக்கும். ஒரு எல்லை வரை ஓடி, அங்கே திரும்பி, கிளம்பிய இடத்துக்கு வரவேண்டும். அப்பா ஒரு தடவையும் வண்டி கட்டியதில்லை. ஆனால் விடியும் முன்பே என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். குதிரைகள் வந்து இறங்குவதற்கு முன்னால் அவருக்கு ஒரு வேலை இருந்தது. திரும்புகிற இடம் வரை ரோட்டோரமாகவே நடப்பார். நூறடிக்கு ஒரு தடவை நின்று, சாட்டைக் கம்பின் அடியைத் தரையில் ஊன்றி அழுத்துவார். பிறகு உருவி, நுனியில் ஒட்டியிருக்கிற மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். எனக்கு அப்போது பத்து வயசு இருக்கும். ஒரு வருஷம் திரும்புமிடத்தில் கம்பு நாலு விரல்கடை இறங்கியது. முந்தின நாள் யாரோ வயலுக்குத் தண்ணீர் விட்டது வாய்க்கால் வழிந்து ரோட்டோரம் ஊறியிருந்தது.

"ரோடெல்லாம் காஞ்சு கெடக்கு, இங்க மட்டும் நசநசன்னு இருக்கு பாத்தியா தம்பி. வேகமா வர்ற குதிரைக்கு இந்த எடத்துலதான் கண்டம்."

அன்றைக்கு எல்லாரும் சொன்ன சிவப்புக் குதிரை முதலாவதாக வந்து, அதே இடத்தில் பின்னங்கால் வழுக்கி, வண்டியோடு வாய்க்கால் பக்கம் சாய்ந்தது. குதிரைக்கும் ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாலாவதாக வந்துகொண்டிருந்த கட்டைக்கால் குதிரை நிதானமாக ஒடித்துத் திரும்பிப் போய்விட்டது. அப்பா குதிரையைப் பார்க்கும் முன்பே பந்தயத்தில் பாதியைப் பார்த்துவிட்டார் என்பது எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆனது.

புரியவைத்தது என் அக்கா மகன். லிவர்பூலில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருக்கிறான். அந்த ஊர் ஓரத்தில்தான் ஏன்ட்ரி மைதானம், கிராண்ட் நேஷனல் ஓடுகிற இடம். 1839இல் தொடங்கிய பந்தயம். ஏறத்தாழ 7 கிலோமீட்டர், 30 தடுப்புகள். 2023 ஏப்ரலில் அவனிடமிருந்து போன் வந்தது.

"மாமா, எங்க வார்டுல ஆளுக்கு ஒரு குதிரைன்னு சீட்டுக் குலுக்கியிருக்கோம். எனக்கு வந்திருக்கறது தேறுமான்னு பாருங்களேன். தாத்தா இருந்தா பாத்த உடனே சொல்லியிருப்பாங்க."

கூடவே ரேஸ் கார்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். குதிரையின் பேர், வயசு, சுமக்கிற எடை, ஜாக்கி, பயிற்சியாளர், அப்புறம் எண்ணும் எழுத்துமாகக் கலந்த ஒரு வரிசை. அந்த வரிசை என்ன என்று கேட்டுக் கேட்டுத்தான் இந்தப் பழக்கம் ஆரம்பித்தது. அவனுக்கு வந்த குதிரை தேறவில்லை. ஜெயித்தது கொராக் ராம்ப்லர். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா சாட்டைக் கம்பால் பார்த்த கணக்கை ஒரு நாடே உட்கார்ந்து காகிதத்தில் போட்டு வைத்திருக்கிறதே என்று இருந்தது.

பணம் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கட்டுவதில்லை. தமிழ்நாட்டில் 1974இல் குதிரைப் பந்தயத்தைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த வழக்கு பல வருஷம் நடந்து, குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திறமைதான், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் என் சித்தப்பா குதிரைமேல் கட்டியே ஒரு மா நிலத்தை விட்டார். சித்தி கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியதை நான் பார்த்திருக்கிறேன். கணக்குப் போடுவது ஒரு சந்தோஷம், பணம் கட்டுவது வேறு வியாதி. அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள் என்று என்னிடம் கேட்கிற பையன்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

சரி, போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஒரு பந்தயத்தை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

எட்டுக் குதிரைகள். மூன்று மைல், அதாவது 4.8 கிலோமீட்டர். ஹேண்டிகேப் சேஸ். தடை தாண்டுவதில் இரண்டு வகை. ஹர்டில் என்பது குறைந்தது 1.07 மீட்டர் உயரம், இடித்தால் வளைந்து கொடுக்கும். சேஸ் என்பதில் தடுப்பு 1.37 மீட்டருக்குக் குறையாது, வளையாது. ஸ்டீப்பிள்சேஸ் என்ற பேரே ஒரு ஊர்க் கோபுரத்திலிருந்து அடுத்த ஊர்க் கோபுரத்துக்கு ஓடியதால் வந்தது. 1752இல் அயர்லாந்தின் கார்க் பகுதியில் பட்டவென்ட் ஊர் மாதா கோயிலிலிருந்து டோனரெய்ல் ஊர் மாதா கோயில் வரை இரண்டு பேர் போட்டி போட்டு ஓட்டியிருக்கிறார்கள். வேலியும் பள்ளமும் வந்தால் தாண்டவேண்டும், அவ்வளவுதான். திருக்கடையூர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே வரப்பும் வாய்க்காலும் தாண்டிக் குறுக்கே போகிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

முதலில் மண். அந்த ஊரில் மூன்று நாள் மழை. 'சாஃப்ட், சில இடங்களில் ஹெவி' என்று போட்டிருந்தார்கள். அங்கே கோயிங் ஸ்டிக் என்று ஒரு கருவி உண்டு. தரையில் குத்தி, எவ்வளவு இறங்குகிறது, சாய்த்தால் மண் எவ்வளவு பிடி கொடுக்கிறது என்று அளந்து எண்ணாகச் சொல்லும். அப்பாவின் சாட்டைக் கம்புதான் அது. அவர்கள் சொல்கிற படிகளை நான் நம்ம ஊர்ப் பேச்சில் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 'ஃபர்ம்' என்றால் சித்திரையில் களத்துமேடு. 'குட்' என்றால் சம்பா அறுத்த கையோடு உளுந்து முளைத்து நிற்கிற வயல், மிதித்தால் கால் பதியும், ஒட்டாது. 'சாஃப்ட்' என்றால் நாற்றங்கால். 'ஹெவி' என்றால் சேடை, நடவுக்குத் தண்ணீர் கட்டி உழுது குழைத்த சேறு. சேடை ஓட்டிய வயலில் ஒரு பர்லாங் நடந்தவனுக்குத் தெரியும், ஒவ்வொரு காலையும் மண்ணிடம் கேட்டு வாங்கவேண்டும். அதில் ஐந்நூறு கிலோ மிருகம் முதுகில் ஆளோடு 4.8 கிலோமீட்டர் ஓடி, பதினெட்டு முறை எழும்பிக் குதிக்கவேண்டும்.

எனவே எட்டுக் குதிரையையும் எடுத்துக்கொண்டு, சேற்றில் முன்பு என்ன செய்திருக்கிறது என்று மட்டும் முதலில் பார்த்தேன்.

ஒன்றாம் எண் அங்கேயே போய்விட்டது. எட்டில் அதுதான் தரத்தில் உயர்ந்த குதிரை, முன்பு ஓடியதை வைத்து எடை போடுகிறவர் தந்த மதிப்பெண் 140. ஆனால் ஜெயித்ததெல்லாம் ஏப்ரல், மே மாதத்துக் காய்ந்த தரையில். முழங்காலை அதிகம் தூக்காமல் தரையை ஒட்டி வீசி ஓடுகிற ஜாதி. சேற்றில் அப்படிப்பட்ட குதிரைக்குக் கால் வராது. கூடவே 11 ஸ்டோன் 12 பவுண்டு, அதாவது 75 கிலோ சுமை. ஹேண்டிகேப் என்றால் இதுதான். நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. மதிப்பெண்ணில் ஒரு புள்ளிக்கு ஒரு பவுண்டு வித்தியாசம். எல்லாக் குதிரையும் ஒன்றாக வந்து சேரவேண்டும் என்பது எடை போடுகிறவரின் கணக்கு. அவர் எங்கே தவறவிட்டிருக்கிறார் என்று தேடுவது நம்முடைய கணக்கு.

எடை அப்படி என்ன செய்துவிடும் என்று கேட்கிறவர்களுக்கு 1973 கிராண்ட் நேஷனலைக் காட்டுவேன். கிறிஸ்ப் என்ற ஆஸ்திரேலியக் குதிரை 12 ஸ்டோன் சுமந்துகொண்டு ஓடியது. ரெட் ரம் சுமந்தது 10 ஸ்டோன் 5 பவுண்டு. வித்தியாசம் 23 பவுண்டு, ஒரு பத்து கிலோ அரிசிப் பைக்குக் கொஞ்சம் மேலே. கிறிஸ்ப் கண்ணுக்கெட்டாத தூரம் முன்னால் போனது. கடைசித் தடுப்பைத் தாண்டும்போதும் அதுதான் வெகுதூரம் முன்னால். அதற்கப்புறம் 450 மீட்டர் வெறும் ஓட்டம். அங்கே கிறிஸ்பின் கால்கள் குடித்தவன் கால்போலக் குழைகின்றன. நேராக ஓட முடியாமல் பக்கவாட்டில் இழுக்கிறது. ரெட் ரம் பின்னாலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தாண்டிவிட்டது. முக்கால் குதிரை நீளத்தில் தோல்வி. பழைய சாதனை நேரம் தூள்தூளான ஓட்டம் அது. தோற்ற குதிரைக்காக நான் கண் கலங்கிய ஒரே பந்தயம். ரெட் ரம் 1974இலும் 1977இலும் மறுபடி ஜெயித்தது. 1974இல் அதுவே 12 ஸ்டோன் சுமந்து ஜெயித்தது என்பதையும் சொன்னால்தான் நியாயம்.

இரண்டாம் எண் சாதுவான குதிரை. வரிசையில், அதாவது கடைசி நாலு ஓட்டத்தில் வந்த இடம், 2, 1, 2, 3. நாலில் இரண்டு ஓட்டம் சேற்றில். இப்படிப்பட்டதை விடவே முடியாது. இதற்கு எதிராகச் சொல்ல ஒன்றே ஒன்றுதான். தொடர்ந்து நன்றாக ஓடுகிற குதிரைக்கு எடையும் தொடர்ந்து ஏறும். வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் எண்ணின் வரிசையில் ஒரு எஃப், ஒரு யு. எஃப் என்றால் குதிரை விழுந்தது. யு என்றால் குதிரை விழவில்லை, ஜாக்கி மட்டும் விழுந்தார். பி என்று போட்டிருந்தால் ஜாக்கியே நடுவில் இழுத்து நிறுத்திவிட்டார் என்று அர்த்தம். ஆர் என்றால் குதிரை தாண்ட மறுத்து நின்றுவிட்டது. கடைசி நாலு ஓட்டத்தில் இரண்டு தடவை ஆளை இறக்கிய குதிரை என்பதால் அடித்துவிட்டேன். இதைப் பிறகு சொல்கிறேன்.

நாலாம் எண் அதுவரை இரண்டரை மைலுக்கு மேல் ஓடியதில்லை. சேற்றில் முதன்முதலாக மூன்று மைல் என்றால் அது வேறு பரீட்சை. ஆறாம் எண்ணுக்கு முதல் தடவையாகக் கண்பட்டை கட்டியிருந்தார்கள். அப்பா கண்பட்டை இல்லாமல் வண்டி பூட்டியதே இல்லை, ஆனால் அது பஸ் ஹாரனுக்கு மிரளாமல் இருக்க. அங்கே அதைக் கட்டுவது பெரும்பாலும் கவனம் சிதறுகிற குதிரைக்கு. சில குதிரைக்கு முதல் தடவை நன்றாக வேலை செய்யும். என் கணக்கில் அதற்கு அரை மதிப்பெண்.

ஏழாம் எண்ணை ஓட்டுகிற பையன் புதுசு. அனுபவம் குறைந்த ஜாக்கிகளுக்கு எடையில் 7, 5, 3 பவுண்டு என்று சலுகை உண்டு. இவனுக்கு ஏழு, அதாவது மூன்று கிலோவுக்கு மேல். குதிரையோ முதல் தடுப்பிலிருந்தே முன்னால் போகிற குதிரை. சேற்றில் முன்னால் போகிறவனுக்கு ஒரு லாபம் உண்டு, மற்றவர்கள் வாரி அடிக்கிற சேறு முகத்தில் படாது. ஒரு நஷ்டமும் உண்டு, எப்போது மூச்சு வாங்கவிடவேண்டும் என்று தெரிந்திருக்கவேண்டும். இருபது வயசுப் பையனுக்கு அது தெரியுமா என்பதுதான் கேள்வி.

எட்டாம் எண்ணுக்குப் பன்னிரண்டு வயசு, ஒரு வருஷத்துக்கு மேல் ஓடவில்லை. பாவம் என்று எழுதி அடித்தேன்.

ஐந்தாம் எண்ணைத்தான் நான் எடுத்தேன். பார்வைக்கு மோசமான வரிசை. 6, பி, 5, 4. ஆனால் அந்த நாலு ஓட்டமும் எந்தத் தரையில் என்று பார்த்தால் நாலும் காய்ந்த தரை. இரண்டு வருஷம் பின்னால் போனால், சேடையில் இரண்டு வெற்றி. இடைப்பட்ட தோல்விகளால் மதிப்பெண் இறங்கி இறங்கி, முன்பு ஜெயித்த எடையைவிட ஒன்பது பவுண்டு குறைவாக வந்து நிற்கிறது. பழைய வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தட்டு மாதிரி அகன்ற குளம்பு, முழங்காலை நெஞ்சு வரை தூக்கி வைக்கிற நடை. நாற்றங்காலில் கொக்கு நடப்பது மாதிரி. அப்பா பார்த்திருந்தால் தோளைத் தட்டியிருப்பார்.

மைதானத்தையும் பார்க்கவேண்டும். அன்று ஓடியது கடைசியில் மேடு ஏறி முடிகிற மைதானம். செல்ட்னமும் அப்படித்தான், கடைசித் தடுப்பைத் தாண்டிய பிறகு மேட்டில் ஏறவேண்டும். கெம்ப்டன் சமதரை, வலப்பக்கமாகச் சுற்றுவது. ஏன்ட்ரி, செல்ட்னம் இரண்டும் இடப்பக்கம். ஒரு பக்கம் சுற்றினால் பிரமாதமாக ஓடி, மறுபக்கம் சுற்றினால் தாண்டும்போது கோணிக்கொண்டு போகிற குதிரைகள் இருக்கின்றன. டெல்டாவில் மேடு என்றால் ஆற்றுப் பாலம் மட்டும்தான். அப்பா பாலத்துக்கு முன்னாலேயே சவாரியில் இரண்டு பேரை இறங்கி நடக்கச் சொல்லிவிடுவார். 'சமதரையில இழுக்கறது பழக்கம், மேட்டுல இழுக்கறதுதான் குதிர' என்பார். ஐந்தாம் எண் முன்பு ஜெயித்த இரண்டில் ஒன்று இதே மைதானத்தில்.

மணி ஏழு இருக்கும். இங்கேயும் தூறல். போனைத் தூணில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஏழாம் எண் பையன் எதிர்பார்த்தபடி முன்னால் போனான். ஒன்றாம் எண் முதல் சுற்று முடியும்போதே கடைசியில். இரண்டாம் சுற்றில் நாலும் ஆறும் பின்தங்கின. கடைசிக்கு மூன்று தடுப்பு இருக்கும்போது ஏழாம் எண் நின்றுவிட்டது மாதிரி ஆகிவிட்டது, பையன் மூச்சு வாங்கவிடவே இல்லை. என் ஐந்தாம் எண் வந்தது. கொக்கு நடையிலேயே ஒவ்வொன்றாகக் கடந்து வந்தது. இரண்டாம் எண் அதன் தோளில். அவ்வளவுதான் என்று எழுந்து நின்றுவிட்டேன். அப்போது வெளிப்பக்கமாக ஒன்று வந்தது. மூன்றாம் எண். ஒரு தடுப்பிலும் தவறவில்லை. பூனை மதில் ஏறுவது மாதிரி ஒவ்வொன்றையும் பார்த்துத் தாண்டி வந்து, மேட்டில் என் குதிரையை இரண்டு நீளத்தில் முந்திவிட்டது.

அன்றிரவு சாப்பிட்ட பிறகு மூன்றாம் எண்ணின் அந்த இரண்டு பழைய ஓட்டங்களையும் தேடிப் பார்த்தேன். விழுந்தது காய்ந்த தரையில். யு போட்டதும் காய்ந்த தரையில். இரண்டு முறையும் கூட்டத்தோடு வேகமாக வந்து, தடுப்புக்கு முன்னால் கால் வைக்க இடம் தப்பி, சீக்கிரமே எழும்பிவிட்டது. தாண்டத் தெரியாத குதிரை இல்லை, யோசிக்க நேரம் கிடைக்காத குதிரை. சேற்றில் எல்லாருடைய வேகமும் குறையும்போது அதற்கு அந்த நேரம் கிடைத்துவிட்டது. மண் ஓட்டத்தை மட்டும் மாற்றுவதில்லை, தாண்டுவதையும் மாற்றுகிறது. எஃப் என்ற எழுத்தைப் பார்த்தேனே தவிர, அது எந்த மண்ணில் விழுந்த எஃப் என்று பார்க்கவில்லை. ஐந்தாம் எண்ணுக்கு ஒவ்வொரு ஓட்டத்தின் தரையையும் பார்த்தவன் மூன்றாம் எண்ணுக்குப் பார்க்கவில்லை. அப்பா திரும்புமிடத்தில் காட்டியதும் இதுதான், அங்கே ஈரம் விழவைத்தது, இங்கே ஈரம் காப்பாற்றியது. அன்றிலிருந்து விழுந்த ஓட்டத்துக்கெல்லாம் பக்கத்திலேயே மண்ணையும் எழுதிக்கொள்கிறேன்.

விழுவது என்றால் எவ்வளவு பெரிய குதிரைக்கும் உண்டு. 2025 மார்ச்சில் செல்ட்னம் சாம்பியன் ஹர்டில். கான்ஸ்டிட்யூஷன் ஹில் அதுவரை ஓடிய பத்திலும் ஜெயித்த குதிரை. ஐந்தாவது ஹர்டிலில் விழுந்தது. முந்தின வருஷம் ஜெயித்த ஸ்டேட் மேன் முன்னால் தனியாக வந்து, கடைசி ஹர்டிலில் விழுந்தது. ஜெயித்தது 25க்கு 1 என்று, அதாவது ஒன்று கட்டினால் இருபத்தைந்து லாபம் என்று, விலை போட்டிருந்த கோல்டன் ஏஸ். அதிர்ஷ்டம் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. எட்டு ஹர்டிலையும் ஒழுங்காகத் தாண்டியது அது. தாண்டுவதுதான் பந்தயம். அதனால்தான் என் நோட்டில் யார் வேகம் என்று ஒரு கட்டம்கூட இல்லை. யார் கடைசி வரை காலில் நிற்பார்கள் என்ற கட்டம் இருக்கிறது.

மண் சரியில்லாமலும் ஜெயிக்கிற குதிரை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. டெசர்ட் ஆர்க்கிட் என்ற வெள்ளைக் குதிரை கெம்ப்டனில் கிங் ஜார்ஜ் பந்தயத்தை நாலு முறை ஜெயித்தது. வலப்பக்கச் சுற்றுத்தான் அதற்குப் பிடித்தது, சேறு ஆகாது. 1989 செல்ட்னம் கோல்ட் கப் அன்று இடப்பக்கச் சுற்று, மழையும் பனியும், தரை முழுக்கச் சேறு. என் நோட்டில் இருந்திருந்தால் முதலில் அடித்திருப்பேன். சேற்றை விரும்புகிற யாஹூ என்ற குதிரை கடைசித் தடுப்பில் முன்னால் இருந்தது. அந்த மேட்டில் வெள்ளைக் குதிரை பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துவிட்டது. அந்த வீடியோவை அப்பா பார்க்கவில்லையே என்பது என் குறை. அவர் கடைசியாக வைத்திருந்ததும் வெள்ளைதான்.

அப்பா நினைவு அதிகமாக வந்த நாள் 2025 ஏப்ரல், கிராண்ட் நேஷனல். 2024 முதல் நாற்பது குதிரைக்குப் பதிலாக 34 குதிரைதான் விடுகிறார்கள். அயர்லாந்துப் பயிற்சியாளர் வில்லி முலின்ஸின் குதிரைகளே முதல் மூன்று இடமும். முதலாவது வந்த நிக் ராக்கெட்டை ஓட்டியது அவருடைய மகன் பேட்ரிக். முந்தின வருஷம் ஜெயித்த ஐ ஆம் மேக்சிமஸ் அதிக எடையோடு ஓடி இரண்டாவது. எத்தனையோ ஜெயித்த மனிதர் அந்தப் பெரியவர், மகன் ஜெயித்ததும் பேச முடியாமல் அழுதார். லிவர்பூலில் இருந்து அக்கா மகன் போன் போட்டான். அவனும் கொஞ்ச நேரம் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்தப் பந்தயத்தில் நிக் ராக்கெட்டை நான் அடிக்கவில்லை, எடுக்கவும் இல்லை. 'தாண்டும், நிற்கும், விலை 33க்கு 1, கவனிக்க' என்று எழுதியிருக்கிறேன். நோட்டின் அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து செய்தி வந்தது. "மாமா, இங்க நேத்து ராத்திரியிலேந்து விடாம மழை. நாளைக்குக் கார்டு அனுப்பவா?" அனுப்பச் சொல்லிவிட்டேன். புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டு, குதிரை பேருக்கெல்லாம் கீழே இடம் விட்டு, மேலே முதல் வரி எழுதியாயிற்று: மண், நாற்றங்கால்; விடிவதற்குள் சேடை.